தம்பிக்குச் சம்பளத் துண்டு இல்லை

கிளினிக்கால் வந்ததும் தம்பி முதலில் செய்வது, சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, கிளினிக் கொப்பியை என் மடியில் வைப்பதுதான். கொப்பிக்குள் மருந்துத் துண்டு மடித்திருக்கும். அதில் ஆறு மருந்து எழுதியிருந்தால் நான்குக்குப் பக்கத்தில் சரி போட்டிருக்கும். மற்ற இரண்டுக்கும் நேரே சிவப்புப் பேனையால் 'ஓ.எஸ்.' என்று இருக்கும். கையிருப்பில் இல்லை என்று அர்த்தம்.

"அக்கா, இந்த முறையும் ரண்டு குளிசை வெளியாலை வாங்கட்டாம்."

அந்த இரண்டு எழுத்தை நானும் எழுதியிருக்கிறேன். 1982 முதல் 2018 வரை 36 வருடம் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக வேலை செய்தேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் துண்டை நீட்டும் கையைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் எழுத வராது. இப்போது அந்தத் துண்டு என் மடியில் இருக்கிறது. நீட்டுகிற கை என் கூடப்பிறந்தவனுடையது.

மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. தம்பிக்கு 61 வயது. சீனி வருத்தம், பிரஷர், கொழுப்பு மூன்றும் உண்டு. கிளினிக் நாளில் விடிய நாலரைக்கே வெளிக்கிட்டு நம்பர் எடுப்பான். அன்றைக்கு வள்ளம் கரையில் கிடக்கும். வெளியில் வாங்கிய மருந்துக்கான பற்றுச்சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். போன வருடத்துச் சீட்டுகளை ஒரு மத்தியானம் திண்ணையில் கொட்டிக் கூட்டிப் பார்த்தேன். 41,360 ரூபாய் வந்தது. குளிசைகள், தனியார் ஆய்வுகூடத்தில் இரண்டு தரம் இரத்தப் பரிசோதனை, ஒரு ஸ்கான், இரவில் நெஞ்சு நோகிறதென்று ஓட்டோ பிடித்த காசு. அந்த வருடம் முழுக்க அவன் ஒரு இரவுகூட வார்டில் படுக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாட்டுக்குத் தேசிய சுகாதாரக் காப்புறுதி ஒன்று வேண்டும் என்ற பேச்சு விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. 2022இல் நாடு கடனில் விழுந்தபிறகு அந்தப் பேச்சுக்குப் பலம் கூடியிருக்கிறது. சனத்தொகைக்கு வயது ஏறுகிறது, வருத்தங்கள் நீண்டகால வருத்தங்களாகிவிட்டன, அரசிடம் காசில்லை, எனவே எல்லோரும் மாதாமாதம் கொஞ்சம் கட்டுங்கள், வருத்தம் வருபவருக்கு அதிலிருந்து கொடுப்போம் என்பது அதன் சாரம். இலவச வைத்தியம் உள்ள நாடு என்று சொல்லிக்கொண்டாலும், இலங்கையின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சொந்தக் கையால்தான் போகிறது. எப்படியும் கட்டத்தானே செய்கிறீர்கள், முன்கூட்டியே சேர்த்துக் கட்டினால் பாரம் பகிரப்படும் என்று காப்புறுதி வேண்டும் என்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதை நான் ஒதுக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்குச் சேர்ந்து கட்டும் பழக்கம் புதிதும் அல்ல. 1930களில் மூளாய் ஊரவர்கள் கூட்டுறவு முறையில் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வைத்தியசாலையே நடத்தத் தொடங்கினார்கள். மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையில் பிறந்தவர்கள் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஒருவர் பாரத்தை இன்னொருவர் தாங்குவது நல்ல காரியம். யாரிடமிருந்து வாங்குவது, எதற்குக் கொடுப்பது, கொடுக்காவிட்டால் எங்கே போய்க் கேட்பது என்ற இடத்தில்தான் எனக்குச் சண்டை.

ஒரே வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அரச ஓய்வூதியர். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம், அரச ஊழியருக்கான 'அக்ரஹார' காப்புறுதியை நடத்துகிறது. வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் கழித்தார்கள். பிறகு ஓய்வூதியருக்கும் அது நீண்டது. கண்ணில் கற்றாக் எடுத்து லென்ஸ் வைத்தபோது செலவில் ஒரு பகுதி எனக்குத் திரும்பக் கிடைத்தது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அதே முற்றத்தில் வலை பொத்துகிற தம்பிக்கு அது இல்லை. அவனுக்குச் சம்பளத் துண்டு இல்லை. காற்று நல்லாக இருந்தால் காசு, கச்சான் பெயர்ந்து அடித்தால் கடன். மாதம் முடிய யார் எதிலிருந்து கழிப்பது?

சம்பளத்தில் கழிக்க முடியாதவர்களுக்கு என்று இந்த நாடு முன்பே சில திட்டங்களைச் செய்து பார்த்திருக்கிறது. 1987இல் விவசாயிகளுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1990இல் 23ஆம் இலக்கச் சட்டத்தால் கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பு நன்மையும் வந்தன. அந்த வருடத்தை எங்கள் ஊர் வேறு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறது. 1990 ஜூனில்தான் போரால் மயிலிட்டி சனம் முழுவதும் உடுத்த உடுப்போடு ஓடியது. கடற்றொழிலாளருக்குச் சட்டம் வந்த வருடத்திலேயே எங்கள் கடற்றொழிலாளர் கடலை இழந்தார்கள். தம்பி மல்லாகத்து முகாமில் இருந்து கூலி வேலைக்குப் போனான். 27 வருடம் கழித்து, 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகத்தோடு சேர்த்து 54 ஏக்கர் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டபோதுதான் திரும்பி இந்த மண்ணில் கால் வைத்தோம். இடையில் போன 27 வருடத்துக்கும் அவன் எந்தக் கணக்கில் எத்தனை ரூபாய் கட்டியிருக்க முடியும்? சந்தா கட்டினால்தான் நன்மை என்று எழுதும்போது, கட்டும் காலத்தில் முகாமில் இருந்தவனை அந்தக் கணக்கு எங்கே வைக்கிறது?

விவசாயிகளின் ஓய்வூதியத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். வாங்கிய சந்தா சிறிது, கொடுப்பதாகச் சொன்னது பெரிது. நிதி வற்றி 2012இல் கொடுப்பனவே நின்றது. 2014இல்தான் மீண்டும் தொடங்கியது. வயது போனவர்கள் தபாற்கந்தோருக்குப் போய் வெறுங்கையோடு வந்த காலம் அது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான 'சுரக்ஷா' காப்புறுதி 2017இல் தொடங்கி, சில வருடத்தில் நின்று, 2024இல் திரும்பவும் வந்தது. காப்புறுதி என்பது மழைக்கு வைத்திருக்கிற குடை. மழை பெய்கிற நேரம் பார்த்து மடித்து வைத்தால் அது யாருக்கு?

கட்டிய காசு திரும்பி வராது என்ற பயம் படித்தவர்களின் கற்பனை அல்ல. 2011இல் தனியார் துறை ஊழியருக்கு ஒரு ஓய்வூதிய நிதி அமைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். தங்கள் உழைப்பில் கழித்துவிட்டுத் திருப்பித் தரமாட்டார்கள் என்று கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். மே மாதக் கடைசியில் பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி காயப்பட்டு ஜூன் 1ஆம் திகதி இறந்தார். அரசு சட்டமூலத்தைக் கைவிட்டது. அது சுகாதாரக் காப்புறுதி அல்லத்தான். ஆனாலும், உழைக்கிற சனத்தின் காசைக் கழிக்கச் சட்டம் செய்கிறவர்கள் முதலில் அந்தச் சனத்தின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பதற்கு அந்தப் பையனின் உயிரைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

தனியார் காப்புறுதியும் எங்கள் வாசலுக்கு வந்தது. துறைமுகம் திறந்த புதிதில் ஒரு முகவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வாடி வாடியாக ஆள் சேர்த்தார். தம்பியும் சேர்ந்தான். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினான். கால் புண் பழுத்து ஒரு கிழமை தனியார் வைத்தியசாலையில் இருந்துவிட்டுப் பில்லை அனுப்பினால், சேர்வதற்கு முன்னரே இருந்த வருத்தம், கொடுக்க முடியாது என்று கடிதம் வந்தது. படிவத்தில் சீனி வருத்தம் பற்றிய கேள்விக்கு நேரே முகவரே 'இல்லை' என்று எழுதியிருந்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து மட்டும் தம்பியுடையது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இலவச வைத்தியம் எங்கள் உரிமை என்று மேடையில் எல்லாக் கட்சியும் சொல்கிறது. எழுதப்பட்ட உரிமை எங்கே என்று தேடிப் பார்த்தேன். அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதைக்கு ஆளாகாமை, சட்டத்தின் முன் சமத்துவம், பேச்சுச் சுதந்திரம் எல்லாம் உண்டு. சுகாதாரம் இல்லை. ஆறாம் அத்தியாயத்தில், அரசு எந்த நோக்கத்தில் நடக்க வேண்டும் என்று 27ஆம் உறுப்புரை சொல்கிறது. போதிய உணவு, உடை, வீடு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். மருந்து என்ற சொல் அங்கேயும் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. அந்த அத்தியாயத்தில் சொன்ன எதையும் எந்த நீதிமன்றத்திலும் உரிமையாகக் கேட்க முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவை அடைத்துவிட்டது. 1980இல் இலங்கை பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இணைந்தது. அதன் 12ஆம் உறுப்புரை சுகாதாரத்தை உரிமை என்றே சொல்கிறது. ஆனால் அது நாட்டுச் சட்டமாக உள்ளே வரவில்லை.

ஒரு தரம் அந்தக் கதவு திறக்கப் பார்த்தது. 2000 ஓகஸ்டில் சந்திரிகா குமாரதுங்க அரசு நாடாளுமன்றத்தில் வைத்த புதிய அரசியலமைப்புச் சட்டமூலத்தில், அவசர சிகிச்சை உட்பட வைத்திய சேவையைப் பெறும் உரிமை எல்லாப் பிரசைக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. ஜனாதிபதி பதவியைப் பற்றியும் அதிகாரப் பகிர்வைப் பற்றியும் மூண்ட சண்டையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே சட்டமூலப் பிரதிகளைக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பில் வேறு பலதோடு இந்த வரியும் எரிந்தது. அப்போது நான் இடம்பெயர்ந்த வீட்டில், வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சமஷ்டி வருமா வராதா என்றுதான் எல்லோரும் பேசினார்கள். நானும் அதையேதான் பேசினேன். அந்த ஒரு வரியைப் பற்றிப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அறிந்தபோது நெஞ்சு கனத்தது.

உரிமை எழுதப்படாத நாட்டில் நீதிமன்றம் என்ன செய்யும்? சில நேரம் நல்ல நீதிபதிகள் வேறு கதவால் உள்ளே வருவார்கள். 2002இல் வத்தளைப் பொலிசார் ஜெரால்ட் பெரேரா என்ற தொழிலாளியை வேறு யாரோ என்று நினைத்துப் பிடித்து அடித்ததில் அவருடைய சிறுநீரகம் கெட்டு நினைவு தப்பியது. மனைவி அவரைத் தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார். 2003இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தலைமையில் உயர் நீதிமன்றம், நட்டஈட்டோடு சேர்த்து அந்த வைத்தியச் செலவையும் அரசு கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. அரச வைத்தியசாலையா தனியார் வைத்தியசாலையா என்று தெரிந்தெடுக்க அந்த மனைவிக்கு உரிமை இருந்தது என்பது தீர்ப்பின் சாரம். பெரிய தீர்ப்பு. ஆனால் அது சித்திரவதை என்ற கதவால் வந்த தீர்ப்பு. குளிசை இல்லை என்று எழுதிய துண்டோடு தம்பி உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்புரையைச் சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டும். உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் கொழும்பில் மனுப் போட வேண்டும். அந்த ஒரு மாதத்தில் அவனுடைய அடுத்த கிளினிக்கே வந்துவிடும்.

பக்கத்து நாட்டில் இதே இடத்தில் ஒரு வழி வெட்டினார்கள். 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரச வைத்தியசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டில் இல்லை, கருவி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் காசு கொடுத்துத் தனியாரிடம் பிழைத்தார். இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், அவசர சிகிச்சை கொடுக்காமல் அனுப்புவது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றும், காசில்லை என்பது அரசுக்குச் சாட்டல்ல என்றும் தீர்த்து 25,000 ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இந்தியாவின் அரச வைத்தியசாலைகளில் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. கேட்க ஒரு இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒபாமா 2010இல் கொண்டுவந்த காப்புறுதிச் சட்டத்தின் சண்டை உலகமே பார்த்தது. எல்லோரும் காப்புறுதி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் தண்டப்பணம் என்ற விதி செல்லுமா என்று 26 மாநிலங்கள் வழக்காடின. 2012 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று, அதை வரியாகக் கொண்டால் செல்லும் என்று சொன்னது. அந்த வழக்குச் செய்திகளை வாசிக்கும்போது எனக்குப் பட்டது ஒன்று. வரியாகச் சேர்ப்பதும் சந்தாவாகச் சேர்ப்பதும் சனத்தின் கையிலிருந்து போகிற விதத்தில் ஒன்றுதான். திரும்பி வருகிற விதத்தில்தான் வித்தியாசம். வரியில் நடக்கிற ஆஸ்பத்திரி வாசலில் உன் அட்டை எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை.

அட்டை கேட்கிற நாட்டில் என் பெரியம்மாவின் பேத்தி இருக்கிறாள். சுவிஸ், பேர்ண் பக்கம். எங்கள் ஊரார் நிறையப் பேர் அங்கே. அங்கே 1994இல் மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டத்தால், 1996 முதல் ஒவ்வொருவரும் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். அவள் தனக்கு மட்டும் மாதம் நானூறு பிராங்குக்கு மேல் கட்டுகிறாள். மாதக் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்றால், வருடத்தில் முதல் 2,500 பிராங்க் வரை தன் கையால் கட்டும் திட்டத்தை எடுக்கலாம். அவள் அதைத்தான் எடுத்திருக்கிறாள். "அன்ரி, காசு கட்டியும் டொக்டரிட்டைப் போகப் பயமாக் கிடக்கு" என்று போனில் சொன்னாள். பல கம்பனிகளுக்குப் பதில் அரசின் ஒரே நிதி வேண்டுமா என்று 2014இல் கேட்டபோது சுவிஸ் மக்கள் வேண்டாம் என்றார்கள். வருமானத்தில் பத்து வீதத்துக்கு மேல் காப்புறுதிக்குப் போகக்கூடாது என்ற யோசனையும் 2024 ஜூனில் தோற்றது. வைத்தியம் மிக நல்லது, அவளே சொல்கிறாள். ஆனால் உலகத்துப் பணக்கார நாடுகளில் ஒன்றிலேயே நடுத்தரச் சம்பளக்காரருக்கு அந்தக் கட்டணம் இப்படிக் கனக்கிறதென்றால், மயிலிட்டியில் அதன் கனம் என்னவாக இருக்கும்?

எனக்கு 1971 நினைவிருக்கிறது. அப்போது 13 வயது. அதுவரை சும்மா கிடைத்த வெளிநோயாளர் மருந்துக்கு அரசு 25 சதம் கட்டணம் போட்டது. பெரிய காசல்ல. அம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு என்னைக் கூட்டிப்போவா. முடிய இல்லாத நாளில் கொத்தமல்லி அவித்துத் தந்து, "நாளைக்குப் பாப்பம் பிள்ளை" என்பா. சின்னவன் காய்ச்சலில் அணுங்கிக்கொண்டு கிடந்த ஓர் இரவு, அம்மா அடுப்படிச் சுண்டுப்பேணி எல்லாம் தடவிச் சதங்களைத் தேடிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. 1977இல் அந்தக் கட்டணத்தை எடுத்தார்கள். போட்டதும் அரசு, எடுத்ததும் அரசு. இரண்டு தரமும் நீதிமன்றத்துக்கு வேலையிருக்கவில்லை. வாக்குத்தான் அதைக் கொண்டுவந்தது, வாக்குத்தான் அதைக் கொண்டுபோனது.

இலவச வைத்தியம் இந்த நாட்டில் வளர்ந்ததும் வாக்கால்தான். 1931இல் எல்லோருக்கும் வாக்கு. 1934, 35இல் மலேரியா ஆயிரமாயிரமாய்க் கொண்டுபோனது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் சனம் ஆஸ்பத்திரி கேட்டது. 1950இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கம்ப்ஸ்டன் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து சுகாதார நிர்வாகம் சீரமைக்கப்பட்டது. 1951 முதல் வைத்தியம் எல்லோருக்கும் இலவசமானது.

எங்கள் ஊரிலேயே அதன் பலன் நின்றது. மயிலிட்டிக் காசநோய் வைத்தியசாலையைத் தெரியாத பழைய ஆட்கள் வடக்கில் குறைவு. நாங்கள் சனற்றோறியம் என்போம். கடல் காற்றுப் படுகிற வெளி. மாதக் கணக்கில் அங்கே கிடந்து மருந்து ஏற்றிச் சுகமாகிப் போனவர்கள் எத்தனையோ பேர். 1990 ஜூனில் ஊரோடு அதுவும் வெறுமையானது. காசநோயைப் பற்றி ஒரு மருந்தாளராக ஒன்று சொல்வேன். குளிசை ஆறு மாதம், ஒரு நாளும் தவறக்கூடாது. தவறினால் அவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் பிழை. சந்தா கட்டாதவர் இருமினாலும் கட்டியவருக்குத்தான் தொற்றும். அப்படிப்பட்ட வருத்தத்துக்குப் பெயர்ப் பட்டியல் பார்த்து மருந்து கொடுக்க முடியாது.

ஆகவே என் கேள்வி காப்புறுதி அட்டையைப் பற்றியது அல்ல, ஆஸ்பத்திரி மருந்து அலுமாரியைப் பற்றியது. தம்பியின் 41,360 ரூபாயில் பெரும்பங்கு அலுமாரியில் இல்லாத மருந்துக்குப் போனது. நான் பார்த்த காப்புறுதிகளில் அதிகமானவை வார்டில் படுத்தால்தான் கொடுக்கும். படுக்காமல் இருக்கத்தானே குளிசை.

அந்த அலுமாரிக்காகச் சண்டை பிடித்த ஒரு மனிதரின் பெயரை மருந்தாளராகப் படித்த எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள். பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் தொடங்கியது. ஒரே மருந்து நூறு வணிகப் பெயரில் நூறு விலைக்கு வந்த காலத்தில், நாட்டுக்கு வேண்டியது ஏறத்தாழ 600 மருந்துதான் என்று பட்டியலைச் சுருக்கி, மருந்தின் சொந்தப் பெயரிலேயே உலக விலைமனு கோரி மொத்தமாக வாங்கினார். பன்னாட்டுக் கம்பனிகள் எதிர்த்தன. அமெரிக்கத் தூதுவர் வரை தலையிட்டதாகப் பதிவு இருக்கிறது. 1977 செப்டெம்பரில் அவர் கயானாவில் இறந்தார். அந்தக் கொள்கையைச் சட்டமாக்க நாட்டுக்கு இன்னும் 38 வருடம் எடுத்தது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015இல்தான் நிறைவேறியது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தார்கள். அந்தக் கிழமை மருந்துக்கடையில் இருந்து வந்த ஒரு வயோதிப மாது, மீதிக் காசைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் பிழையாகத் தந்துவிட்டார் என்று என்னிடம் காட்டினார்.

பிறகு 2022 வந்தது. மார்ச் மாதக் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அவசரம் என்று சொல்லிப் பதிவில்லாத மருந்துகள் நாட்டுக்குள் வந்தன. 2023இல் போலி இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து பிடிபட்டது. அந்தக் கொள்வனவுக் காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்குத் தொடரப்பட்டது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். மருந்துக் குப்பியைக் கையில் பிடித்து வாழ்ந்தவள் என்ற முறையில் எனக்குத் தாங்கவில்லை. தொண்ணூறுகளில் செஞ்சிலுவைக் கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு, ஒரு குப்பியை மூன்று பேருக்குப் பிரித்திருக்கிறோம். அன்றைக்கும் குப்பிக்குள் இருந்தது மருந்துதான் என்ற நம்பிக்கை இருந்தது.

தமிழ்நாட்டிலும் காப்புறுதி இருக்கிறது. 2009இல் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, ஆட்சி மாறியபோது பெயர் மாறி, 2018இல் இந்திய மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு அது உதவுகிறது. ஆனால் அதற்குப் 15 வருடம் முன்னமே, 1994இல், அவர்கள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்துவிட்டார்கள். மாநிலத்துக்கே மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் களஞ்சியங்களில் வைத்து, இருப்பைக் கணினியில் பார்த்து அனுப்புகிற அமைப்பு அது. அலுமாரி முதலில், அட்டை பிறகு. அந்த ஒழுங்குதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இங்கே இன்னொரு சிக்கல், யார் முடிவெடுப்பது என்பது. 13ஆவது திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் மத்திக்கு, மற்றவை மாகாணத்துக்கு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஒரு கையில், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை இன்னொரு கையில். தெல்லிப்பழையின் புற்றுநோய்ப் பிரிவு எழும்பியது 2011இல் தெற்கிலும் வடக்கிலும் உள்ளவர்கள் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில். நல்ல மனம் எங்கும் உண்டு. ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பிறகு தேர்தல் இல்லை. எங்கள் வைத்தியசாலைகளுக்கான முடிவை நாங்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் எடுக்காத காலத்தில், எங்களிடமிருந்து சந்தா வாங்கும் சட்டம் பேசப்படுகிறது.

புதிய அரசியலமைப்பு வரும் என்று திரும்பவும் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு தாள் எழுதினேன். பெரிதாக ஒன்றுமில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டமூலத்தில் இருந்த அந்த வரியை அடிப்படை உரிமை அத்தியாயத்தில் வையுங்கள், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது அரச வைத்தியசாலையில் இல்லாவிட்டால் வெளியில் வாங்கிய பற்றுச்சீட்டைப் பிரதேச செயலகத்தில் கொடுத்துக் காசு எடுக்க வழி செய்யுங்கள், சந்தா என்று ஒன்று வைப்பதானால் சம்பளத் துண்டு இல்லாதவருக்காக அரசே கட்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள் என்று மூன்று வேண்டுகோள். தம்பி அதைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கொண்டுபோனான். விடியற்காலை வள்ளங்கள் வந்து, வலை உதறி, மீன் ஏலம் போகிற நேரம். 43 பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். தாள் ஈரத்தில் ஊறி இரண்டு இடத்தில் மை பரவிவிட்டது. நான் திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அக்கா, இதையே அனுப்புவம். வியாழக்கிழமை கிளினிக் இருக்கு, போற வழியிலை தபாற்கந்தோரிலை போடுறன்" என்றான்.